நிறையச் செதுக்கியிருந்தால் சந்தேகப்படு

சீனப் படிப்பாளிகள் எழுத்து மேசையில் வைத்துக்கொண்ட பழைய சாமான்கள் மேல் எனக்கு ஒரு பித்து உண்டு. தூரிகைகளை நிறுத்தி வைக்கும் மூங்கில் குவளை, மை இழைக்கும் கல், அந்தக் கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட ஒரு சின்னக் குப்பி, காகிதத்தின் மேல் வைக்கும் பாரம், முத்திரைக் கற்கள், அப்புறம் கையை ஊன்றிக்கொள்ள நீளவாக்கில் பிளந்த ஒரு மூங்கில் துண்டு. (மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதியவர்கள். ஈரம் காயாத வரிகள் கைக்கு அடியிலேயே கிடக்கும், அகலமான சட்டைக்கை அதில் புரண்டால் எழுத்தும் போச்சு, சட்டையும் போச்சு. அதற்குத்தான் அந்த மூங்கில்.) இது வாங்கும் பித்து இல்லை, அதற்கு என் சம்பளம் போதாது, பார்க்கும் பித்து. சிங்கப்பூரில் இருப்பதில் ஒரு சௌகரியம், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இந்தப் படிப்பாளிகளின் உலகத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு, மனசு சரியில்லாத சனிக்கிழமைகளில் அங்கே போய் நின்றுவிடலாம்.

பார்த்தால் மட்டும் போதுமா, எழுதியும் பார்ப்போமே என்று சமூக மன்றத்தில் தூரிகை எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எல்லோருக்கும் லாவ்ஷி, சீனத்தில் வாத்தியார் என்று அர்த்தம். நாங்கள் பாட்டில் மையை ஊற்றிக்கொண்டு எழுதுவோம். அவர் மட்டும் உள்ளங்கை அகலத்தில் மொட்டையாக ஒரு மைக்கல் வைத்திருப்பார், நம் வீட்டில் சந்தனக்கட்டையை இழைப்பதுபோல மைக்கட்டியை அதில் வைத்து வட்டமாக இழைத்துக்கொண்டே பாடம் சொல்வார். எனக்கும் ஒரு கல் வேண்டும் என்றேன். கூட்டிக்கொண்டு போனார். போன கடையில் ஒரு கல், ஓரம் முழுக்க டிராகன், மேகம், அலை, மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இன்னொரு டிராகன். நான் அப்படியே நின்றுவிட்டேன். லாவ்ஷி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல கல்ல யாராவது இவ்வளவு செதுக்குவாங்களா? நிறையச் செதுக்கியிருந்தா சந்தேகப்படு. எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

வாங்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவும் இல்லை. நான் ஆசைப்பட்டதே செதுக்கலுக்காகத்தான். கல் நல்லதா கெட்டதா என்று எனக்கு என்ன தெரியும்? ஒரு கைவினையைப் பார்த்து, கை எவ்வளவு வேலை செய்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பொருள் மட்டம் என்று சொன்னால், அது கைவினைஞனுக்குச் செய்யும் அவமானம் இல்லையா? வேலை தெரிந்தவன் உளியை எடுத்தாலே குற்றவாளியா? அன்றைக்கு அவரிடம் கேட்கவில்லை, வயசானவர். ஆனால் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

கல்லுக்கு மரியாதை

லாவ்ஷி சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மைக்கல் சேகரிப்பவர்களிடையே அது ரொம்பப் பழைய பேச்சு. தெற்கே குவாங்டோங்கில் இன்றைக்குச் சாவோசிங் என்று அழைக்கப்படும் ஊர் அந்தக் காலத்தில் துவான்சோ. அங்கே ஓடையோரச் சுரங்கங்களில் கிடைக்கும் ஊதா நிறக் கல்தான் துவான் கல். தாங் வம்சக் காலத்திலிருந்து அதை வெட்டுகிறார்கள். உளிக்கு இணங்கும் அளவுக்கு மெது, மைக்கட்டியைக் கரைக்கும் அளவுக்குக் கடினம். நல்ல துவான் கல்லில் மை இழைத்தால் சத்தமே வராது, தூரிகை முடியும் தேயாது என்பார்கள். அந்தக் கல்லுக்குள் இயற்கையாக வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் கறைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: வாழையிலை வெண்மை, மீன் மூளை, நீலப் பூ, பனிக்கட்டிக் கோடு. இதெல்லாம் நன்றாக அமைந்த கல் கிடைத்தால் மையும் தண்ணீரும் நிற்கக் குழிகூட வெட்ட மாட்டார்கள், சும்மா பலகை மாதிரி அறுத்து, வழவழப்பாக்கி, அப்படியே வைத்துவிடுவார்கள். மை இழைக்க முடியாத மைக்கல். சேகரிப்பவர்களிடம் அதற்கு ஏக மரியாதை.

இந்தக் கல் பித்தைக் கேலி செய்தவர்களும் அப்போதே இருந்திருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில், சோங் வம்சக் காலத்தில், ஷென் குவோ என்ற படிப்பாளி எழுதி வைத்திருக்கும் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு அதிகாரியிடம் ஒருவர் மைக்கல் கொண்டுவந்து கொடுக்கிறார், விலை 30,000 காசு. அப்படி என்ன விசேஷம் என்று அதிகாரி கேட்கிறார். கல்லுக்கு ஈரப்பதம்தான் அழகு, இதில் வாயால் ஊதினாலே போதும், தண்ணீர் ஓடும் என்கிறார் வந்தவர். அதற்கு அதிகாரி, நாள் பூராவும் ஊதி ஒரு சுமை தண்ணீர் சேர்த்தாலும் அது மூன்று காசு பெறும், இதை வாங்கி நான் என்ன செய்ய என்று திருப்பி அனுப்பிவிட்டார். துவான்சோவில் அதிகாரியாக இருந்த பாவ் ஜெங்கைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு (தொலைக்காட்சியில் நீதிபதி பாவ் தொடர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆளைத் தெரியும், அதே கறுத்த முகம்தான்). அரசருக்கு இத்தனை கல் என்று கணக்கு இருக்கும். முன்னால் இருந்த அதிகாரிகள் அதைச் சாக்கிட்டு அதற்குப் பல மடங்கு வெட்டவைத்து, தலைநகரத்துப் பெரிய மனிதர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாவ் ஜெங் கணக்குக்கு மேல் ஒன்றும் வெட்டக்கூடாது என்றார், பதவிக்காலம் முடிந்து போகும்போது தனக்கென்று ஒரு கல்லும் எடுத்துக்கொள்ளவில்லை. சோங் வம்ச வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. ஒருவர் மைக்கல் எடுத்துப் போகாததை வரலாற்றில் எழுதுகிறார்கள் என்றால் மற்றவர்கள் எத்தனை எடுத்துப் போயிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் இந்த "செதுக்காத கல்" வழிபாட்டில் எனக்கு ஒரு உறுத்தல். சோங் காலத்துக் கவிஞர் சூ ஷி ஒரு துவான் கல்லின் மேல் வெட்டுவதற்காகச் சில வரிகள் எழுதினார். ஆயிரம் பேர் கயிறு இழுக்க, நூறு பேர் கோடாலி வீச, தீப்பந்தத்தைக் கீழே இறக்கி வெளியே எடுத்த பொருள் இது என்று ஆரம்பிக்கும். பெயர்பெற்ற பழைய சுரங்கம் ஓடை மட்டத்துக்கும் கீழே போகிறது. தண்ணீர் குறைந்த குளிர்காலத்தில்தான் வேலை. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து பானை பானையாகக் கைமாற்றித் தண்ணீரை இறைத்து, நிமிர முடியாத வளைக்குள் தவழ்ந்து போய் வெட்டவேண்டும். அப்படி வெளியே வந்த ஒரு துண்டைப் பலகையாக அறுத்து மேசையில் வைத்துவிட்டு, "மனிதக் கை படாத இயற்கை அழகு" என்று ரசித்தால் எப்படி? எவ்வளவோ கை பட்டாகிவிட்டது. கடைசியாகப் பட்ட ஒரு கையை மட்டும்தான் வேண்டாம் என்கிறார்கள்.

இதே மனோபாவம் மரத்திலும் இருக்கிறது, அங்கே அது நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. மிங், சிங் வம்சக் காலத்து மேசைப் பொருள்களில் உச்சி மரியாதை, கறுப்போடு சேர்ந்த ஊதாச் சிவப்பில் இருக்கும் ஒரு மரத்துக்கு. அதில் கடைந்த தூரிகைக் குவளைகள் பெரும்பாலும் மொட்டையாகவே இருக்கும், ஒரு கோடு கிடையாது. மரத்தின் ரேகையே போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த மரம் என்று இன்று பெரும்பாலும் அடையாளம் சொல்லப்படுவது நம்முடைய செம்மரம்தான், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் காடாக வளராத மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். மெதுவாக வளரும், பத்து மரத்தில் ஒன்பது உள்ளே பொந்து என்று சீனத் தச்சர்களிடையே ஒரு சொலவடை இருக்கிறது. பெரிய பலகை கிடைப்பது அபூர்வம், ஆகவே குவளைக்கும் பெட்டிக்கும் தோதான மரம். 1995 முதல் அதன் உலக வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருக்கிறது, கடத்தலும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் செத்தார்கள், எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். அரும்பொருளகத்தில் ஒரு மொட்டைச் செம்மரக் குவளை முன்னால் நின்று, அடடா என்ன அடக்கம், என்ன எளிமை என்று யாராவது சொல்லும்போது எனக்கு வாயைத் திறக்கத் தோன்றாது. அந்தக் குவளை கடைந்து முன்னூறு வருடம் இருக்கலாம், அதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் எளிமை என்பது மலிவு இல்லை.

ஒரு பேசின் தண்ணீர்

இப்படி ஒருதலைப்பட்சமாக நான் முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மேகக் கல் வகுப்புக்கு வந்தது. லாவ்ஷியின் நண்பர் ஒருவருடையது, குடும்பச் சொத்து. நாட்பட்ட மை படிந்து கறுத்துப்போயிருந்தது. சிங் வம்சக் காலம், அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார் லாவ்ஷி. நீள்சதுரம், மேல் பாதியில் மேகங்கள் புடைப்பாக, மேகத்தின் விளிம்பில் சின்னதாக ஒரு முழு நிலா. டிராகன் கல் அளவுக்கு இல்லை, ஆனால் மொட்டையும் இல்லை. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று, அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதும் தெரிந்தது.

மைக்கல்லை எடை போடுகிறவர்கள் காய்ந்த கல்லைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தண்ணீருக்குள் போட்டுத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் நீலப் பூ மாதிரியான நுணுக்கங்கள் நனைந்தால்தான் தெரியும். லாவ்ஷி மன்றத்துச் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசின் கொண்டுவந்து, முதலில் மையை விரலாலேயே தேய்த்துக் கழுவினார், தண்ணீரை மாற்றினார், மறுபடி கழுவினார், அப்புறம் கல்லை மெதுவாக உள்ளே இறக்கினார். கறுப்பாக இருந்தது தண்ணீருக்குள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. நிலா பச்சையாகிவிட்டது. உண்மையிலேயே பச்சை, வெளிறிய பச்சை, நடுவில் கருமணி மாதிரி ஒரு புள்ளி, சுற்றி வளையம் வளையமாக. அதைத்தான் கல்லின் கண் என்பார்கள். துவான் கல்லில் அங்கங்கே இப்படி உருண்டையாக வேறு நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். மணி தெளிவாக இருந்தால் உயிருள்ள கண், விளிம்பு கலங்கியிருந்தால் அழும் கண், மணியே இல்லையென்றால் செத்த கண். இது உயிருள்ளது. செதுக்கியவர் அதற்கு நிறம் தீட்டவில்லை, வைத்துப் பதிக்கவில்லை. சுற்றியிருந்த கல்லைத் தாழ்த்தி அதை மட்டும் மேலே விட்டிருக்கிறார்.

"இங்க பாரு" என்று லாவ்ஷி மேகத்தைக் காட்டினார். மேகத்தின் அடிவயிற்றில் மஞ்சளாக ஒரு நரம்பு சாய்வாக ஓடியது. மேகம் புரளும் இடத்தில் நரம்பும் வளைந்தது, மேகம் முடிந்து மெலியும் இடத்தில் நரம்பும் கல்லுக்குள் அமுங்கிவிட்டது. "சொன்னேன்ல? கல்லுல குறை. குறைமேல மேகத்தப் போட்டு மூடிட்டான்." அவருக்குத் திருப்தி.

நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடினான் என்பது எனக்கு ஒட்டவில்லை. மூட நினைத்திருந்தால் அந்த மஞ்சளை வெட்டியே எடுத்திருக்கலாம், அல்லது அதன் குறுக்கே நாலு அலை போட்டுக் கண்ணைத் திசை திருப்பியிருக்கலாம். இவர் அதன் கூடவே போயிருக்கிறார். நரம்பு எப்படிச் சாய்கிறதோ அப்படி மேகம் சாய்கிறது. எங்கே தடிக்கிறதோ அங்கே மேகம் திரள்கிறது. மேகத்தை முதலில் நினைத்துவிட்டுக் கல்லைத் தேடியவர் வேலையாகத் தெரியவில்லை. கல்லைத் தண்ணீரில் போட்டு எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாரோ. நிலாவாக வந்த அந்தக் கண்ணும் ஒருவகையில் குறைதானே? கண்ணே கல்லுக்கு நோய், அதற்குப் போய் விலை கொடுக்கிறார்களே என்று அலுத்துக்கொண்ட பழைய ரசிகர்களும் உண்டு. ஒரே கல்லில் ஒரு குறையை நிலா என்று பாராட்டிவிட்டு இன்னொரு குறையை ஏமாற்று என்றால் எப்படி? இதை அவரிடம் சொன்னேன். "நிலா தன்னைக் காட்டுது. மேகம் ஒளிக்குது" என்றார். நல்ல பதில், ஆனால் சரியான பதில் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீரில் போட்டதும் இரண்டும்தான் தெரிந்தன. வாங்குகிறவன் தண்ணீரில் போட்டுத்தான் பார்ப்பான் என்று செதுக்கியவருக்குத் தெரியாதா என்ன?

அதற்கப்புறம் தேடிப் படித்ததில், கண்ணை வைத்து விளையாடியவர்கள் சோங் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. தைப்பே தேசிய அரண்மனை அரும்பொருளகத்தில் சூ ஷியுடையது என்று பெயர் பெற்ற ஒரு கல் இருக்கிறது, படங்கள் இணையத்திலேயே கிடைக்கும். முன்பக்கம் ஒரு கண் நிலாவாக. திருப்பினால் அடிப்பக்கத்தைக் குடைந்து உயரமும் குட்டையுமாக ஒரு தூண் காடு, ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு கண், நட்சத்திரங்கள். கல்லை எழுத்து மேசையில் வைத்தால் அது யார் கண்ணிலும் படாது. இந்தக் கல் பிற்பாடு சியென்லோங் பேரரசரிடம் வந்து சேர்ந்தது. கிடைத்த இடத்திலெல்லாம் தன் கவிதையை வெட்டவைக்கிற பழக்கம் அவருக்கு. அதிகச் செதுக்கல் என்று யாரையாவது குற்றம் சொல்லவேண்டுமானால் நான் அவரைத்தான் சொல்வேன்.

கூ அர்நியாங் சொன்னது

இந்தச் சண்டையில் எனக்குச் சாட்சியாகக் கிடைத்தவர் ஒரு பெண். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூசோ நகரத்துச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருந்த கூ அர்நியாங். மாமனார் மைக்கல் செதுக்குகிறவர், கணவர் சீக்கிரம் இறந்துபோக, தொழிலை இவர் எடுத்து நடத்தினார். கால் நுனியால் தொட்டே கல்லின் தரத்தைச் சொல்லிவிடுவார் என்று கதை உண்டு. வாழ்நாள் முழுக்க அவர் செய்தவை நூறைத் தாண்டாது என்பார்கள். அவர் சொன்னதாகப் பதிவாகியிருப்பதன் சாரம் இது: ஒரு கல்லிலிருந்து மைக்கல் செய்கிறோம் என்றால் அது உருண்டு திரண்டு, சதைப்பற்றோடு, உயிரோடு இருக்கவேண்டும், அப்போதுதான் செதுக்கியதற்கு அர்த்தம், விறைப்பாக, ஒல்லியாக, கரடாக இருப்பது கல்லின் பிறவிக்குணம், அதையே திருப்பிக் காட்டுவதற்கு உளி எதற்கு?

இதை முதல் தடவை படித்தபோது எழுந்து நடந்தேன். செதுக்காமல் விடுவதுதான் கல்லுக்கு மரியாதை என்று ஒரு ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, வேலை செய்கிற ஒருவர், அதுவும் ஒரு பெண், கல் கல்லாகவே இருக்கட்டும் என்றால் என்னிடம் ஏன் கொண்டுவருகிறாய் என்று கேட்கிறார். அப்படிக் கேட்டவர் எதையும் அள்ளிப்போட்டுச் செதுக்கியவரும் இல்லை, அதுதான் விஷயம். அவருக்கு மிக நெருங்கிய வாடிக்கையாளர் ஹுவாங் ரென் என்ற ஃபுஜியன்காரர், துவான் கல் விளையும் வட்டாரத்திலேயே அதிகாரியாக இருந்தவர். ஒரு கல்லைச் சட்டைக்கைக்குள் வைத்துக்கொண்டே ஏறத்தாழ பத்து வருடம் அலைந்தேன், இந்த வசந்தத்தில் சூசோவுக்கு எடுத்துப்போனேன், கூ அர்நியாங் பார்த்ததும் ஆசைப்பட்டு இதைச் செய்துகொடுத்தார் என்று அந்தக் கல்லின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறார். பத்து வருடம். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தேர்ந்த ரசிகர் ஒருவர் அவ்வளவு காலம் கல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்றால், செதுக்குவது கல்லின் குறையை மூடும் வேலை என்று அவர் நினைத்திருக்க முடியாது. தறி ஓட்டவேண்டிய கை துவான் ஓடையையே வெட்டித் தீர்த்துவிட்டதே என்று அதே முதுகில் கவிதையில் வியக்கவும் செய்கிறார். அந்த வியப்பில் கொஞ்சம் ஆம்பளைத்தனம் இருக்கிறது, அது கிடக்கட்டும்.

மூங்கிலுக்கு வந்தால்

கல்லும் செம்மரமும் விலையுயர்ந்த பொருள்கள், அதனால் அங்கே "கையை வைக்காதே" என்று சொல்ல முடிகிறது. மூங்கிலில் அந்தப் பேச்சு எடுபடாது. வெட்டி வீசினால் எடுக்க ஆள் இல்லாத பொருள். உளி பட்டால்தான் அதற்கு மேசையில் இடம். குளிர்காலத்தில் வெட்டி, சர்க்கரையும் எண்ணெயும் போகக் காய்ச்சி, மாதக்கணக்காக உலர்த்தி, அப்புறம்தான் கத்தியே. இன்று ஷாங்காய்க்குள் அடங்கிவிட்ட ஜியாடிங்கில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஜூ ஹ, அவர் மகன் ஜூ யிங், பேரன் ஜூ சான்சோங் என்று மூன்று தலைமுறை, மூங்கிலை ஆழமாகக் குடைந்து காட்சிகள் செதுக்குவதை ஒரு மரபாகவே ஆக்கினார்கள். 1966-இல் ஷாங்காயின் பாவ்ஷானில் ஒரு மிங் காலக் கல்லறையைத் தோண்டியபோது ஜூ யிங் பெயர் வெட்டிய ஊதுபத்திக் குழல் ஒன்று கிடைத்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லை, விட்டம் நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு, அதற்குள் மூங்கில் சுவரின் கனத்திலேயே தியான்தாய் மலையும் அங்கே தேவமங்கையரைச் சந்தித்த இரண்டு பேரின் கதையும். இப்போது ஷாங்காய் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

இந்த வகைக் குவளைகளைப் பார்க்கும்போது நான் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்துவிடுவேன், காவலாளிக்குப் பழகிவிட்டது. நின்றுகொண்டு பார்த்தால் பைன் மரம், பாறை, கைத்தடியோடு ஒரு கிழவர், அவ்வளவுதான். கீழிருந்து பார்த்தால் பைன் கிளையின் அடிப்பக்கமும் செதுக்கியிருப்பது தெரியும், ஊசியிலைக் கொத்துக்குப் பின்னால் வெளிச்சம் போய்வர இடம் விட்டிருப்பது தெரியும், பாறைக்குப் பின்னால் ஒரு பையன் தேநீருக்கு அடுப்பு விசிறிக்கொண்டிருப்பான். இத்தனைக்கும் மூங்கிலின் கனம் ஒரு விரல்கூட இல்லை. இதில் எதை மறைக்கிறார்கள்? மூங்கிலையா?

அதே மிங் கடைசிக்காலத்தில் நான்ஜிங்கில் பூ சோங்சியென் என்று ஒருவர், நேர் எதிர்த்துருவம். அவரைப் பற்றி அந்தக் காலத்து எழுத்தாளர் சாங் தாய் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆள் ஒன்றும் தெரியாத அப்பாவிபோல இருப்பாராம். ஒரு அங்குல மூங்கிலில் நாலு கோடு இழுத்தால் அதற்கு வெள்ளிக்கட்டியில் விலை. அவருக்கே பிடித்தது முறுக்கும் முடிச்சுமான மூங்கில் வேர், அதை லேசாகச் சுரண்டித் தேய்த்து விட்டுவிடுவார், அதுவே அதிசயம். அவர் கைவேலையை விற்றே சான்ஷான் தெருவில் பல பேர் பிழைத்தார்கள், அவர் மட்டும் ஓட்டாண்டி, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. நண்பர் வீட்டில் நல்ல மூங்கிலைப் பார்த்தால் தானே எடுத்து வேலையை ஆரம்பித்துவிடுவார். பிடிக்காவிட்டால் அதிகாரமோ பணமோ எதுவும் அவரை அசைக்காது. லாவ்ஷிக்கு இவர் என்றால் உயிர். எனக்கும் பிடிக்கும். ஆனால் இவர் நாலு கோட்டோடு நிறுத்தியதற்குக் காரணம் செதுக்கல்மேல் சந்தேகம் இல்லை; அந்த வேர்முடிச்சில் அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மேகக் கல்காரர் நரம்பின் கூடவே போனதும் இதே மாதிரிப் பார்வைதான்.

பூ சோங்சியென் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் கடைசியில் லாவ்ஷியிடம் ஆயுதமாக எடுத்தேன். அவர் பெயர் வெட்டிய மூங்கில் சாமான்கள் பழம்பொருள் சந்தையில் ஏராளம். ஏன்? ஒரு வேர், நாலு கோடு, ஒரு கையெழுத்து, யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஜூ சான்சோங் பெயரிலும் போலிகள் எக்கச்சக்கம்தான், ஆனால் அதைச் செய்ய, போலி செய்பவனுக்கும் கொஞ்சம் கை வரவேண்டும். பைன் கிளையின் அடிப்பக்கம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது எந்திரத்தால் குடைந்த மைக்கற்களும் குவளைகளும் வந்துவிட்டன, அதில் டிராகன் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அந்த அளவில் லாவ்ஷியின் எச்சரிக்கை நியாயம்தான். அதைக் கண்டுபிடிக்க ரொம்பச் சிரமம் இல்லை: குழிகளின் ஆழம் எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும், மேகத்துக்கு அடியில் உளி சாய்ந்து உள்ளே போயிருக்காது, எந்த இடத்திலும் யாரும் யோசித்த தடயம் இருக்காது. ஆனால் மொட்டையான ஒரு கல்லையோ வேரையோ வைத்துக்கொண்டு அப்படி எதைப் பார்ப்பது? விற்கிறவர் வாய்தான் சாட்சி. ஆகவே லாவ்ஷி, சந்தேகப்படவேண்டியது கொஞ்சமாகச் செதுக்கியதையும்தான் என்றேன்.

மைக்கட்டியை இழைப்பதை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "அதனாலதான் நான் ஒண்ணும் வாங்கறதில்ல" என்றார். அவர் கல் அவருடைய ஆசிரியர் கொடுத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் இன்னும் பாட்டில் மையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேகக் கல்லின் சொந்தக்காரர் விற்பாரா என்று ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், விற்க மாட்டாராம்.